கிராமத்துச் சாகசக் கதைகளில் வரும் பிள்ளைகள் எந்தத் தெருவில் குடியிருக்கிறார்கள்?

கண்மாய்க்கரை எழுதியது:

வணக்கம். பிள்ளைகளுக்காக எழுதுகிறவர்களும் அவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறவர்களும் இங்கே பலர் இருப்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தமிழ்ச் சிறார் சாகசக் கதைகளில் கிராமத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் நான் படித்தவற்றில் பெரும்பாலும் அது விடுமுறைக்கு வந்துபோகிற கிராமம். சென்னையிலிருந்து இரண்டு பிள்ளைகள் தாத்தா வீட்டுக்கு வருவார்கள். உள்ளூர்ப் பையன் ஒருவன் வழி காட்டுவான், மரம் ஏறுவான், பாம்புக்குப் பயப்பட மாட்டான். பாழடைந்த பங்களாவில் இரவில் வெளிச்சம் தெரியும். சிலைத் திருடர்கள் பிடிபட்டதும் இன்ஸ்பெக்டர் கை குலுக்குவது சென்னைப் பிள்ளைகளிடம். உள்ளூர்ப் பையன் பஸ் நிறுத்தம் வரை வந்து வழியனுப்புவான். அவன் அன்றைக்கு வீட்டுக்குப் போய் என்ன செய்தான், ஆடுகள் பட்டிக்குத் திரும்பினவா, தங்கைக்கு யார் சோறு போட்டார்கள் என்பதெல்லாம் கதைக்கு வெளியே நின்றுவிடும்.

இதைவிட எனக்கு முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ஊர்ப்புற நூலகம் ஒன்றில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளோடு சேர்ந்து வாசிக்கிறேன். நான்கு நண்பர்கள் வரும் கதை ஒன்றை முடித்ததும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "இந்த நாலு பேரும் எந்தத் தெரு அக்கா?" கதையில் அது சொல்லப்படவில்லை. ஏன் கேட்கிறாய் என்றேன். "ஒருத்தன் வீட்டு அடுப்படி வரைக்கும் மற்ற மூன்று பேரும் போகிறார்களே" என்றாள். அவள் காலனியிலிருந்து, அதாவது ஊர்த் தெருக்களிலிருந்து விலகியிருக்கும் தலித் குடியிருப்பிலிருந்து வருகிறவள்.

தெருவைத் தாண்டிப் பழகுவதற்கே ஒரு பிள்ளைக்குத் துணிச்சல் வேண்டியிருக்கிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. அந்தத் துணிச்சலைச் சொல்லாமல் புதையலைத் தேடிப் போகிற கதை அவளுக்குப் பாதிக் கதையாகத்தான் இருக்கும்.

9 முதல் 12 வயதுக்காரர்களுக்கு ஒரு நெடுங்கதை எழுதத் தொடங்கியிருக்கிறேன். சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய் ஊர், நான்கு பிள்ளைகள். கண்மாய்க்குள் இரவில் யாரோ மண் அள்ளுகிறார்கள். அதைப் பிள்ளைகள் கண்டுபிடிக்கிறார்கள். இந்தக் கதைக்குள் தெருவை எப்படிக் கொண்டுவருவது என்று உங்களிடம் கேட்கிறேன்.

பழைய பைண்டு எழுதியது:

அம்மா, உங்கள் அக்கறையை மதிக்கிறேன். அறுபதைக் கடந்தவன் நான். 'அம்புலிமாமா'வும் 'கண்ணன்' இதழும் வாரிக் கொடுத்த உலகத்தில் வளர்ந்தவன். தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்திருந்த வீடு எங்களுடையது. வாண்டுமாமா கதையைத் திறந்தால் வீட்டில் அரிசி இல்லை என்பதுகூட மறந்துவிடும். அப்படி மறப்பதற்கு ஒரு பிள்ளைக்கு உரிமை உண்டு.

இங்கிலாந்தில் ஈனிட் பிளைட்டன் 'ஃபேமஸ் ஃபைவ்' வரிசையைத் தொடங்கியது 1942இல், போர் நடந்துகொண்டிருந்தபோது. 21 புத்தகங்கள் வந்தன. தீவு, குகை, சுரங்கப்பாதை, கூடை நிறையத் தின்பண்டம். உணவுப் பங்கீட்டு அட்டையோடு கடை வாசலில் நின்ற வீட்டுப் பிள்ளைகள்தான் அதைப் படித்தார்கள். அவர்கள் தேடியது தங்கள் தெருவை அல்ல.

இன்னொரு தொழில் காரணமும் இருக்கிறது. சாகசம் நடக்கப் பெரியவர்கள் விலகி நிற்க வேண்டும். கிராமத்தில் திண்ணைக்குத் திண்ணை பெரியவர்கள். அதனால்தான் எழுத்தாளர்கள் விடுமுறையையும் வெளியூர்ப் பிள்ளைகளையும் நாடினார்கள். அதைக் குறையாகப் பார்க்க வேண்டாம். சாதி என்கிற பாரத்தைப் பிள்ளைகளின் தலையில் நாமே தூக்கி வைக்க வேண்டுமா என்பதையும் யோசியுங்கள்.

ஐந்தாம் வகுப்பு டீச்சர் எழுதியது:

பழைய பைண்டு ஐயாவுக்கு வணக்கம். திண்ணைக்குத் திண்ணை பெரியவர்கள் என்கிறீர்கள். நான் வேலை பார்க்கும் ஊரில் காலை ஒன்பது மணிக்குத் தெருவில் நடந்தால் கட்டிலில் கிடக்கிற முதியவர்களைத் தவிர யாரையும் பார்க்க முடியாது. நூறு நாள் வேலைக்கு ஒரு கூட்டம், செங்கல் சூளைக்கு ஒரு கூட்டம், திருப்பூருக்குப் போய் மாதம் ஒருமுறை வருகிற ஒரு கூட்டம். விடுமுறை நாள்களில் பிள்ளைகள்தான் ஊரை ஆள்கிறார்கள். பத்து வயதுப் பையன் இருபது ஆடுகளோடு காலையில் போனால் பொழுது சாயும்போதுதான் திரும்புகிறான். அவனைத் தனியாக விடுவதற்குக் கதாசிரியர் எந்த உத்தியும் செய்ய வேண்டியதில்லை.

பாரம் பற்றிச் சொன்னீர்கள். அதைத் தூக்கி வைப்பவர்கள் நாம் அல்ல, ஐயா. எங்கள் பள்ளியில் எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். 1956இல் காமராசர் தொடங்கி, 1982இல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய மதிய உணவு. 2022 செப்டம்பரிலிருந்து காலை உணவும் சேர்ந்திருக்கிறது. ஒருத்தி தட்டில் இருக்கிற முட்டையை இன்னொருத்தி பாதி பிய்த்துக்கொள்கிறாள். மாலையில் மணி அடித்ததும் தோளில் கை போட்டபடி மந்தை வரை, ஊர்ப் பொதுத்திடல் வரை, நடக்கிறார்கள். மந்தைக்கு வந்ததும் கை தானாக இறங்கிவிடுகிறது. இவள் வடக்கே, அவள் கிழக்கே. யாரும் அதட்டுவதில்லை, யாரும் சொல்லித் தருவதுமில்லை. ஆறு வயதில் இது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்த ஒன்றைக் கதையில் பார்க்கும்போது பிள்ளைக்குப் பாரம் கூடாது. "இது எனக்கு மட்டும் இல்லை" என்ற தெம்புதான் வரும்.

கண்மாய்க்கரை அக்கா, உங்கள் கதை மந்தையிலிருந்து தொடங்கட்டும்.

பிரம்மபுத்திரா வாசகி எழுதியது:

உள்ளூர்ப் பிள்ளைகளே நாயகர்களாக வரும் சாகசத்துக்கு நம் நாட்டில் நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. டெல்லியில் சங்கர் பிள்ளை 1957இல் நிறுவிய சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட் 1979இல் வெளியிட்ட 'தி காசிரங்கா டிரெயில்'. எழுதியவர் அசாமைச் சேர்ந்த அருப் குமார் தத்தா. தனாய், புபுல், ஜோந்தி என்று மூன்று பையன்கள், மக்கோனி என்கிற யானை. கொம்பு அறுக்கப்பட்ட காண்டாமிருகத்தின் உடலைப் பையன்கள் பார்க்கிறார்கள். அங்கே தொடங்குகிறது கதை.

எனக்கு அதில் பிடித்தது, பையன்கள் எங்கிருந்தும் வந்து இறங்கவில்லை என்பது. காட்டோரத்தில் குடியிருக்கிறவர்கள். யானைப்புல் ஆள் உயரத்துக்கு மேல் வளர்கிற நிலம் அது. காண்டாமிருகம் போன வழியிலேயே மறுபடி போகும், சாணத்தையும் குறிப்பிட்ட இடத்திலேயே போடும். கள்ள வேட்டைக்காரர்கள் அந்த வழியில் குழி தோண்டி அதைப் பிடித்ததும் இதனால்தான். இதெல்லாம் அங்கே வளர்கிற பிள்ளைக்குக் கைவசம் இருக்கிற அறிவு. நகரத்துப் பையனுக்கு அதை ஒருவர் விளக்க வேண்டியிருக்கும். விளக்குகிற பக்கங்களில் கதை நின்றுபோகும்.

ரஸ்கின் பாண்ட் எழுதிய 'ஆங்ரி ரிவர்' கதையிலும் இதே பலம் இருக்கிறது. ஆற்றுத் தீவில் தாத்தா பாட்டியோடு சீதா என்கிற சிறுமி. பாட்டிக்கு உடம்பு முடியாமல் தாத்தா படகில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார். சீதா தனித்திருக்கும்போது வெள்ளம் வருகிறது. பெரியவர்கள் விலகியதற்கு அங்கே எவ்வளவு இயல்பான காரணம் பாருங்கள்!

பழைய பைண்டு எழுதியது:

காசிரங்காக் கதையை நான் படித்திருக்கிறேன், நல்ல கதை. ஆனால் அதில் எதிரி வேட்டைக்காரன். அவன் மேல் எல்லாருக்கும் கோபம் வரும். தெருவைக் கதைக்குள் கொண்டுவந்தால் எதிரி யார்? ஒரு பிள்ளையின் அப்பாவா, பாட்டியா? பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பாட்டியின் முகத்தைப் பார்க்க வேண்டாமா? டீச்சர் சொன்ன மந்தைக் காட்சி மனத்தைத் தைக்கிறது, மறுக்கவில்லை. அதைக் கதையாக்கும்போது பாடமாகிவிடுமே என்பதுதான் என் பயம். பாடமாகிவிட்டால் பிள்ளை புத்தகத்தை மூடி வைத்துவிடும்.

சைக்கிள் அக்கா எழுதியது:

நடுவில் நுழைகிறேன், மன்னியுங்கள். நான்கு பிள்ளைகள் என்றால் அதில் பெண் பிள்ளை எத்தனை பேர்? எங்கள் காலத்துக் கதைகளில் ஒருத்தி இருப்பாள். முறுக்கு எடுத்து வருவாள், கரப்பான்பூச்சியைப் பார்த்து அலறுவாள், கடைசியில் அவள் எதேச்சையாகச் சொன்ன ஒரு வார்த்தையில் பையன்களுக்குப் புதிர் அவிழும்.

பையன் "சும்மா சுற்றிவிட்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். பெண் பிள்ளை அப்படிப் போக முடியாது. அவளுக்கு ஒரு வேலை வேண்டும். விறகு பொறுக்க, தண்ணீர் எடுக்க, கடைக்கு, மாவு மில்லுக்கு. அதனால் சாகசம் அவளுடைய வேலைக்குள்தான் நுழைய முடியும். அதை எழுதினாலே புதுக்கதை வந்துவிடும். மாவு மில்லில் காத்திருக்கும்போது அவள் காதில் விழாத சங்கதி ஊரில் எது? இடுப்பில் ஒன்றரை வயதுத் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஒருவரைப் பின்தொடர்வதை எழுதிப் பாருங்கள். தம்பி எந்த நேரமும் அழலாம். அவன் வாயில் ஒரு துண்டு வெல்லத்தைத் திணித்துவிட்டுக் கருவேலம் புதருக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருக்கிறாள். வெல்லம் கரைகிற வரைதான் நேரம்.

பிறகு சைக்கிள். பதினோராம் வகுப்பில் அரசு கொடுக்கிற சைக்கிள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அது தங்கையின் சைக்கிள்தான். உட்கார்ந்தால் கால் எட்டாது. கம்பிக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டு ஊரையே சுற்றிவிடுவாள். அக்கா சைக்கிளை எடுத்தாளா என்று வீட்டில் கேட்பார்களே தவிர, எங்கே போனாள் என்று கேட்க மாட்டார்கள். உங்கள் நாயகியை அதில் ஏற்றிவிடுங்கள்.

நீர்ப்பாய்ச்சி பேரன் எழுதியது:

எங்கள் தாத்தா கண்மாய்க்கு நீர்ப்பாய்ச்சியாக இருந்தவர். மடை திறப்பதும் முறை வைத்து வயலுக்குத் தண்ணீர் விடுவதும் அவர் பொறுப்பு. அதனால் மண் திருட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம் என்று வந்தேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கண்மாயில் மண் எடுப்பதே தப்பு என்று எழுதிவிடாதீர்கள். வண்டல் எடுத்து வயலில் கொட்டுவது காலங்காலமாக நடப்பது. விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் அதற்கு முறைப்படி அனுமதி கொடுக்கிறார்கள். மேல் வண்டலைப் பரவலாக வழித்தெடுத்தால் கண்மாய்க்கு நல்லது. திருட்டு அதன் மறைவில்தான் நடக்கிறது. பகலில் அனுமதிச் சீட்டோடு டிராக்டர் போகும். இரவில் அதே தடத்தில் பொக்லைனும் டிப்பர் லாரியும் போகும். பரவலாக எடுக்காமல் ஒரே இடத்தில் ஆழமாகத் தோண்டுவார்கள். கோடையில் அது வெறும் பள்ளம். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் வந்ததும் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. போன வருடம் இடுப்பளவு தண்ணீர் நின்ற இடம் என்று நினைத்து இறங்குகிற பிள்ளை போய்விடும். நாளிதழில் ஆண்டுதோறும் இந்தச் செய்தி வருகிறது. உங்கள் கதையின் ஆபத்து லாரிக்காரனின் முரட்டுத்தனம் என்பதைவிட அந்தப் பள்ளம்தான் என்று வைத்தால், பிள்ளைகள் ஏன் இவ்வளவு தீவிரமாக அலைகிறார்கள் என்பதற்கு யாரும் காரணம் சொல்ல வேண்டியிருக்காது.

ஆடு மேய்க்கிற பையனுக்கு எது கண்ணில் படும்? கரையில் ஏறுகிற இடத்தில் மண் உதிர்ந்து கிடக்கும். டிராக்டர் தடம் வேறு, பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள டிப்பரின் தடம் வேறு. நேற்று நிமிர்ந்து நின்ற கருவேல மரம் இன்று சாய்ந்திருக்கும். ஆட்டுக்குத் தழை ஒடிக்கிற தொரட்டிக் கம்பைப் பள்ளத்தில் இறக்கி அளந்து கம்பில் ஒரு வெட்டுப் போட்டு வைத்தால், மறுநாள் எவ்வளவு ஆழம் கூடியிருக்கிறது என்று தெரிந்துவிடும். ஊர்க் கூட்டத்தில் காட்ட அதைவிடப் பெரிய சாட்சியம் வேண்டாம்.

பிள்ளைகள் திருடனைப் பிடிக்கக் கூடாது. அது பொய்யாகவும் இருக்கும், படிக்கிற பிள்ளைக்கு ஆபத்தாகவும் முடியும். கண்டுபிடித்துப் பெரியவர்களை அசைய வைக்கட்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் போவதே ஒரு பத்து வயதுப் பிள்ளைக்குப் பெரிய பயணம்.

கண்மாய்க்கரை எழுதியது:

தொரட்டிக் கம்பில் வெட்டுப் போடுவதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், தம்பி. கதையின் நடுவில் அது நிற்கும்.

பழைய பைண்டு ஐயா கேட்ட கேள்விக்கு நீர்ப்பாய்ச்சி பேரன் சொன்னதிலிருந்தே ஒரு வழி தெரிகிறது. பகலில் அனுமதியோடு ஓட்டும் டிராக்டர்காரரும் இரவில் டிப்பரை ஓட்டுகிறவரும் ஒரே ஆள் என்றால்? அவர் நான்கு பிள்ளைகளில் ஒருவரின் அப்பா என்றால்? வில்லன் என்று ஒருவரை வெளியே தேட வேண்டியதில்லை. கம்பில் வெட்டு விழ விழ ஒரு பிள்ளைக்கு வயிற்றைக் கலக்குகிறது. அந்தப் பிள்ளைக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. மற்ற மூன்று பேருக்கும் தெரியாது.

ஆனால் யாருடைய அப்பா? காலனிப் பிள்ளையின் அப்பா என்றால் பழி போகிற வழக்கமான இடத்துக்கே நானும் அனுப்பியதாகிவிடும். ஊர்த் தெருப் பிள்ளையின் அப்பா என்றால் அவர் வீட்டுக்குப் பயந்து மற்றவர்கள் வாயை மூடுவார்கள். அது நடப்புக்கு நெருக்கமாக இருக்கிறது. ஆனால் கதை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுமோ என்று தயங்குகிறேன்.

ஐந்தாம் வகுப்பு டீச்சர் எழுதியது:

சாயட்டும் அக்கா. ஊரில் அது சாய்ந்துதானே இருக்கிறது. ஆனால் லாரி அவருடையதாக இருக்க வேண்டாம். ஓட்டுகிறவராக மட்டும் இருக்கட்டும். மழை பொய்த்து, நகை அடகில் இருந்து, ஒரு இரவுக்கு இவ்வளவு என்று கூலிக்குப் போகிறவர். பகலில் மகளைத் தோளில் தூக்கிவைத்துக் கொஞ்சுகிற அப்பா. அப்போது பாட்டி முகத்தைப் பார்க்கவும் முடியும், செய்தது தப்பு என்று சொல்லவும் முடியும்.

அவர் மகளும் காலனிப் பிள்ளையும்தான் பள்ளியில் ஒரே பெஞ்சு என்று வையுங்கள். அப்பாவைக் காப்பாற்ற அவள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: தொரட்டிக் கம்பை ஒளித்துவைத்துவிட்டுக் காலனிப் பிள்ளை எடுத்துவிட்டாள் என்று சொல்ல வேண்டும். ஊர் உடனே நம்பும். பத்து வயதுப் பிள்ளைக்கும் அது தெரியும். அந்த இடத்தில் அவள் என்ன செய்கிறாள் என்பதை என் வகுப்புப் பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பார்கள். குகையும் சுரங்கமும் இதற்குப் பக்கத்தில் வராது.

பழைய பைண்டு எழுதியது:

டீச்சர், இந்த ஒரு காட்சிக்காக இந்தக் கதையை நான் படிப்பேன். பாடமாகிவிடும் என்று நான் பயந்த இடத்தில் பாடம் சொல்ல ஆளே இல்லை. ஒரு பிள்ளையின் கையில் ஒரு கம்பு இருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு வேண்டுகோள் மட்டும். கதையில் கொண்டாட்டம் வேண்டும். பிள்ளைகள் துக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு கடைசிப் பக்கத்துக்கு வரக் கூடாது. கோடைக் கதை என்றால் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா உண்டே! ஊரே சேற்றில் இறங்குமே!

சைக்கிள் அக்கா எழுதியது:

எல்லாத் தெருவும் ஒரே நேரத்தில் இறங்குகிற ஊரா என்பதையும் எழுதுகிறவர் முடிவு செய்துகொள்ள வேண்டும். எல்லா ஊரும் ஒன்றுபோல் இல்லை. எங்கள் பக்கத்தில் சுற்றுவட்டார ஊர்களிலிருந்தெல்லாம் வருவார்கள். அந்தக் கூட்டத்தில் யார் எந்தத் தெரு என்று பிரித்துப் பார்க்க முடியாது. எல்லார் மேலும் சேறு.

நீர்ப்பாய்ச்சி பேரன் எழுதியது:

ஐயா சொன்னது நல்ல யோசனை. பள்ளத்தையும் அங்கேயே வெளிக்கொண்டு வரலாம். கண்மாய் வற்றும்போது மிச்சத் தண்ணீர் எங்கே தேங்கும்? ஆழமான இடத்தில்தான். மற்ற இடமெல்லாம் கணுக்கால் தண்ணீர் நிற்க, பள்ளத்தில் மட்டும் ஆள் மூழ்கத் தண்ணீர் கிடக்கும். விரால் எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். விராலைத் தேடிப் போகிறவர்கள் எல்லாரும் ஓடுகிற திசையும் அதுதான். பள்ளம் அங்கே இருப்பது நான்கு பிள்ளைகளுக்கு மட்டும் தெரியும். டீச்சர் சொன்ன பிள்ளை, அப்பா மாட்டிக்கொள்வார் என்று தெரிந்தும், அங்கே நின்று கத்த வேண்டியிருக்கும்.

விவரங்கள்: கரையில் ஊர்ப் பெரியவர் நின்று வெள்ளைத் துண்டை வீசிய பிறகுதான் இறங்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு கால் வைத்தாலும் சத்தம் போடுவார்கள். ஊத்தா என்கிற மூங்கில் பொறி, கச்சா, வலை என்று அவரவர் கொண்டுவந்ததோடு ஒரே நேரத்தில் பாய்வார்கள். ஊத்தாவைச் சேற்றில் குத்தி அமுக்கி, உள்ளே மீன் மோதினால் மேல்வாய் வழியாகக் கையைவிட்டுத் துழாவ வேண்டும். கெளுத்தியாக இருந்தால் முள் குத்திவிடும், கடுப்பு லேசில் போகாது. குரவை வழுக்கும். பிள்ளைகள் பெரும்பாலும் ஓரத்தில் கையாலேயே தடவிக் கெண்டையைப் பிடித்துப் பாவாடையிலோ சட்டையிலோ கட்டிக்கொள்வார்கள். பிடித்ததை யாரும் விற்க மாட்டார்கள். அன்று இரவு எல்லா வீட்டிலும் மீன் குழம்பு வாசம்தான்.

கண்மாய்க்கரை எழுதியது:

பள்ளத்துப் பக்கம் ஓடுகிற கூட்டமும் அதன் முன்னால் நிற்கிற பிள்ளையும் போதும். முடிவு கிடைத்துவிட்டது. அப்பா ஊர்க் கூட்டத்தில் தானே எழுந்து சொல்வதா, மகள் சொல்லி முடித்ததும் தலைகுனிந்து நிற்பதா என்பதை எழுதும்போது பார்த்துக்கொள்கிறேன். முதல் மூன்று அத்தியாயங்களைப் பொங்கலுக்குள் முடித்து டீச்சருக்கு அனுப்புகிறேன். வகுப்பில் வாசித்து, எங்கே பிள்ளைகள் வேறு பக்கம் பார்க்கிறார்கள் என்று குறித்துத் தாருங்கள்.

ஐந்தாம் வகுப்பு டீச்சர் எழுதியது:

அனுப்புங்கள் அக்கா. மதிய உணவுக்குப் பிறகு வருகிற பாடவேளையில் வாசிக்கிறேன். தூக்கம் வருகிற நேரத்திலும் விழித்திருந்து கேட்டார்கள் என்றால் தைரியமாக மேலே எழுதலாம்.

நீர்ப்பாய்ச்சி பேரன் எழுதியது:

ஓவியம் வரைகிறவருக்கு ஒரு குறிப்பு அக்கா. ஊத்தாவைப் பார்க்காதவர்கள் அதை அடிப்பாகம் மூடிய கூடையாக வரைந்துவிடுகிறார்கள். மூங்கில் குச்சிகளைச் சேர்த்துப் பின்னியது. மேலும் கீழும் திறந்திருக்கும். கீழ்வாய் அகலம், மேல்வாய் கை நுழைகிற அளவு. எங்கள் வீட்டில் தாத்தாவின் ஊத்தா ஒன்று இன்னும் பரணில் இருக்கிறது. இறக்கித் துடைத்து, நாலு பக்கமும் படம் எடுத்து நாளை இங்கேயே போடுகிறேன்.